கடைச்சரக்கும் ஜன்னல் செடியும்: மும்பைத் தமிழர் வீட்டு மூலிகைகள்

மும்பையை ஒட்டிய வாஷியின் மசாலா மார்க்கெட்டில் சுக்கும் மிளகும் மஞ்சளும் மூட்டை மூட்டையாகக் கைமாறுகின்றன. முன்பு மஸ்ஜித் பந்தரின் நெரிசலான தெருக்களில் நடந்த இந்த மொத்த வியாபாரம் 1990ஐ ஒட்டிக் கடற்கழியைத் தாண்டி இங்கே வந்தது. 1992இல் மான்குர்டிலிருந்து வாஷிக்குப் புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது. மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று இடநெருக்கடியில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இந்தப் பக்கம் குடிபெயர்ந்தன. சரக்கும் அதை வாங்குகிறவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

இங்குள்ள தமிழ் வீட்டுக்குள் மருந்துச் செடி இரண்டு உருவில் நுழைகிறது. ஒன்று பச்சை. ஜன்னல் கிரில்லில் வைத்த தொட்டியில் துளசியும் ஓமவல்லியும் இருக்கும். சில வீடுகளில் முள்ளோடு தூதுவளையும் ஏறியிருக்கும். வல்லாரை, முடக்கத்தான், மணத்தக்காளிக்கு மாட்டுங்கா பக்கம் போக வேண்டும். மற்றது உலர்ந்தது: பெரியவர்கள் கடைச்சரக்கு என்று சொல்லும் சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி, அதிமதுரம், கடுக்காய், மாசிக்காய், வசம்பு. தீபாவளி லேகியத்துக்கும் பேறுகால மருந்துக்கும் இவைதான் வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் மூன்றாவது உருவம் ஒன்றும் சேர்ந்துவிட்டது. டப்பாவில் அடைத்த பொடி, கேப்ஸ்யூல், 'இம்யூனிட்டி' என்று எழுதிய சாறு பாட்டில்.

மூலிகை பற்றிய பேச்சு பெரும்பாலும் 'வேலை செய்யுமா, செய்யாதா' என்பதிலேயே நின்றுவிடுகிறது. வீட்டு வைத்தியம் பல தலைமுறைகளாகப் பெரிய கேடின்றி நடந்ததற்குச் செடியின் குணம் ஒரு காரணம். அதைச் சுற்றியிருந்த மூன்று கட்டுப்பாடுகள் இன்னொரு காரணம். செடியை முழுதாகப் பார்த்து அடையாளம் தெரிந்து பறித்தார்கள். அளவு கைப்பிடி, விரற்கடை, சிட்டிகை என்று சிறியதாக இருந்தது. மூன்று நாள், ஐந்து நாள் என்று நிறுத்தும் நாளும் வகுத்திருந்தது. மும்பை போன்ற நகரத்தில் செடி அதேதான். இந்த மூன்று கட்டுப்பாடுகளும் தளர்ந்துவிட்டன. அண்மைக் காலத்தில் இந்த நகரத்து மருத்துவர்கள் பதிவு செய்த பாதிப்புகளைப் புரிந்துகொள்ள இந்தத் தளர்ச்சியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மெடிக்கல் ஷாப்புக்குள் போன செடிகள்

ஆடாதோடையை மராட்டியர் 'அடுள்சா' என்பார்கள். மகாராஷ்டிரத்தில் இருமலுக்கு அடுள்சா சிரப் வாங்குவது சாதாரணம். தமிழ்நாட்டில் இலையை மிளகோடு கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். இதன் இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவானதுதான் புரோம்ஹெக்சின். 1960களில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த அந்த மருந்து, கெட்டியான சளியை இளக்குகிறது. அது உடலுக்குள் போய் மாறும் வடிவமே அம்ப்ராக்சால். இன்று வாஷியில் டாக்டர் எழுதிக்கொடுக்கும் பல சளி மருந்துகளின் லேபிளில் இந்தப் பெயரைக் காணலாம்.

நிலாவாரையின் பயணம் இன்னும் சுவையானது. தாராவியில் குடியேறிய தமிழர்களில் பெரும்பகுதி திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். அதே சீமையில் பயிராகித் தூத்துக்குடியில் கப்பலேறிய நிலாவாரை, உலக மருந்துச் சந்தையில் 'டின்னவேலி சென்னா' என்றே பெயர் பெற்றது. மும்பைக் கடைகளில் அதைச் 'சோனாமுகி' என்று கேட்க வேண்டும். மலச்சிக்கலுக்கான சென்னா, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அதிலுள்ள சென்னோசைடுகளைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் பிரித்த பிறகே மருந்து வேலை செய்யும். இரவில் சாப்பிட்டால் காலையில் பலன் தெரிவது அதனால்தான். தினப்பழக்கமாக்கிக்கொண்டால் உடலில் பொட்டாசியம் குறையலாம். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பது தெளிவானதால்தான் சென்னா மாத்திரையாக முடிந்தது.

மிளகுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் சித்த மருந்துகளில் திரும்பத் திரும்ப வரும் கூட்டு. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைபரின், வேறு மருந்துகளைக் குடல் உறிஞ்சும் அளவைக் கூட்டுகிறது. ஜம்முவில் உள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவில், காசநோய்க்கான ரிஃபாம்பிசினை 450 மில்லிகிராமிலிருந்து 200ஆகக் குறைத்து, 10 மில்லிகிராம் பைபரின் சேர்த்த மாத்திரை இந்தியாவில் உருவானது. ரசத்து மிளகு வேறு, பைபரின் செறிந்த கேப்ஸ்யூல் வேறு. இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ சாப்பிடுகிறவர் அந்த கேப்ஸ்யூலை எடுத்தால், மாத்திரையின் அளவும் இரத்தத்தில் சத்தமில்லாமல் மாறக்கூடும்.

எல்லாச் செடிகளும் இந்த அளவுக்குத் தேறவில்லை. தூதுவளையையும் கண்டங்கத்திரியையும் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியினர் ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். 300 மில்லிகிராம் பொடி மூச்சுத்திறனை ஓரளவு கூட்டியது. ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமாலின் அளவுக்குக் கூட்டவில்லை. சளிக்குத் தூதுவளை ரசம் வைப்பதில் தவறில்லை. மூச்சு இழுக்கும்போது இன்ஹேலரைத் தள்ளிவைத்துவிட்டுத் தூதுவளையை நம்புவது ஆபத்து.

கீழாநெல்லியின் நீண்ட வழக்கு

மஞ்சள் காமாலை என்றதும் தமிழர் நாவில் முதலில் வருவது கீழாநெல்லி. மும்பையில் மழைக்காலம் வந்தால் குடிநீரோடு கழிவுநீர் கலந்து ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வகைக் காமாலைகள் தலைகாட்டும். இவ்விரண்டும் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். அந்த வாரங்களில் கீழாநெல்லி அரைத்து மோரில் குடித்தவர், குணம் கண்டதன் பெருமையைச் செடிக்குக் கொடுப்பது இயல்பு.

ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலிலேயே தங்கிவிட்டவர்களின் நிலை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும் சக ஆய்வாளர்களும் 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பர்க்கும் அதில் பங்கேற்றிருந்தார். 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் காணாமல் போயிருந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகம் திரும்பிப் பார்த்தது.

பிறகு தாய்லாந்திலும் பிற நாடுகளிலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழு, வெற்று மாத்திரையைவிடக் கீழாநெல்லி இனம் மேலானது என்று நம்பத்தக்க சான்று இல்லை என 2011இல் எழுதியது. வெவ்வேறு இடங்களில் பயன்படுத்திய செடியே வேறு வேறாக இருந்திருக்கலாம் என்ற வாதமும் எழுந்தது. அந்த வாதத்துக்கு இந்தியச் சந்தையிலேயே ஆதாரம் உண்டு. பெங்களூர் ஆய்வாளர்கள் தென்னிந்தியக் கடைகள் 25இலிருந்து கீழாநெல்லி வாங்கி மரபணு முறையில் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். 76 விழுக்காடு கடைகளில் கிடைத்தது ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்ற உரிய செடி. மீதிக் கடைகளில் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு ஐந்து இனங்கள் இருந்தன. மகாராஷ்டிரத்தில் 'பூயி ஆவ்ளா' என்று கேட்டாலும் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வரலாம்.

பொட்டலத்துக்குள் எந்தச் செடி?

பம்பாய்ச் சந்தைக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. பம்பாயில் அரசின் மருந்துக் கிடங்கு அதிகாரியாக இருந்த வில்லியம் டைமாக், வார்டன், ஹூப்பர் இருவரோடு சேர்ந்து 1890க்கும் 1893க்கும் இடையே 'ஃபார்மகோகிராஃபியா இண்டிகா' நூலை வெளியிட்டார். ஒவ்வொரு சரக்குக்கும் பம்பாய், மராட்டி, தமிழ் வழக்குப் பெயர்களை வரிசையாகக் கொடுத்து, பஜாரில் அது எந்த நிலையில் வருகிறது என்றும் எழுதினார். அத்தகைய கவனம் இன்றும் தேவைப்படுகிறது. 'கிராயத்' என்ற பெயர் இமயமலைச் செடியான சுவெர்ஷியாவுக்கும் உண்டு, நம்முடைய நிலவேம்புக்கும் உண்டு. 'பிராமி' கேட்டால் ஓரிடத்தில் நீர்ப்பிரமி கிடைக்கும், இன்னோரிடத்தில் வல்லாரை.

தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காக 2017இல் வந்த ஆய்வு, இந்தியாவில் 1,178 தாவர இனங்கள் மருந்துக்காக வியாபாரத்தில் இருப்பதாகச் சொல்கிறது. அவற்றில் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் விற்பவை 242. அந்த 242இல் 173 இனங்கள் காட்டிலும் தரிசிலும் சேகரிக்கப்படுபவை. பறிப்பவர் ஒருவர், உலர்த்துபவர் ஒருவர். இடைத்தரகர், மொத்த வியாபாரி, பொடி ஆலை எல்லாம் தாண்டிச் சில்லறைக் கடைக்கு வரும்போது, செடியை முழுதாகப் பார்த்தவர் சங்கிலியின் மறுமுனையில் இருக்கிறார். இலையும் தண்டும் பொடியான பின்பு கடைக்காரரின் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது.

அடையாளப் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. அங்கே உடல் எடை குறைக்கும் மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனச் செடி கலந்துவிட்டது. இளம்பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழப்பதை 1993இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கும் மேல். பின்னர் பலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றும் வந்தது. நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. சிறுநீரகத்தைக் கெடுத்த அரிஸ்டலோக்கிக் அமிலம் இவற்றிலும் உண்டு.

2020இன் சீந்தில்

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீர் தெருமுனையில் வழங்கப்பட்டது. அதன் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று. வட இந்தியாவில் 'கிலோய்', மகாராஷ்டிரத்தில் 'குள்வேல்' என்று அறியப்படும் அதே கொடி, மும்பையில் தனிமருந்தாகவே ஓடியது. தண்டைக் கொதிக்கவைத்துத் தினமும் குடித்தவர்கள் உண்டு. சாறு பாட்டிலும் மாத்திரையும் வாங்கியவர்களும் உண்டு.

2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே மும்பையின் கல்லீரல் மருத்துவர்கள் ஆறு நோயாளிகளைக் கவனித்தார்கள். காமாலையோடு வந்த அவர்கள் அனைவரும் சீந்தில் எடுத்திருந்தார்கள். இந்த ஆய்வு 2021இல் வெளியானதும் ஆயுஷ் அமைச்சகம் மறுப்புத் தெரிவித்தது. அவர்கள் சாப்பிட்டது சீந்திலான டினோஸ்போரா கார்டிஃபோலியாதானா என்று மருத்துவர்கள் உறுதிசெய்யவில்லை, தண்டில் முண்டுகள் நிறைந்த கிரிஸ்பா என்ற உறவுச்செடியாக இருக்கலாம் என்பது மறுப்பின் சாரம். நியாயமான கேள்விதான். அதே கேள்வி கடையில் விற்கும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பொருந்தும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து நாட்டின் பல ஊர்களில் உள்ள 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளின் விவரத்தை 2022இல் வெளியிட்டன. அவர்கள் சீந்தில் எடுக்கத் தொடங்கியதிலிருந்து அறிகுறி தோன்றும்வரை சராசரியாக ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் கல்லீரலையே தாக்கும் நோயின் சாயல் அவர்களிடம் தெரிந்தது. அந்த நோய் வெளித்தெரியாமல் உள்ளே இருந்தவர்களிடம் சீந்தில் அதைக் கிளப்பிவிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எதிர்ப்பைத் தூண்டும் செடி என்ற பாராட்டே சிலருக்குப் பாதகமாக முடிகிறது. கோடிக்கணக்கானோர் குடித்ததில் 43 பேர் சிறு தொகைதான். ஆனாலும் காய்ச்சலுக்குச் சில நாள் குடிக்கும் கஷாயத்தை மாதக்கணக்கில் நோயில்லாதவரும் குடித்தது சித்த மரபிலிருந்தே விலகிய பழக்கம்.

மஞ்சளின் அளவு

மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்கு அமெரிக்கா 1995இல் காப்புரிமை கொடுத்தது. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் அதை எதிர்த்து வாதாட, 1997இல் அது ரத்தானது. மரபறிவின் வெற்றியாக அந்த வழக்கு பள்ளிப் பாடம்வரை வந்துவிட்டது. அதே மஞ்சள் பற்றி 2022இல் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு செய்திக்கு அவ்வளவு விளம்பரம் கிடைக்கவில்லை. மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளைப் பதிவு செய்யும் ஆய்வு வலையம், மஞ்சள் கேப்ஸ்யூலோடு தொடர்புடைய 10 நோயாளிகளை விவரித்தது. சோதித்த ஏழு தயாரிப்புகளில் மூன்றில் பைபரினும் சேர்ந்திருந்தது.

இதற்கும் குழம்பு மஞ்சளுக்கும் உள்ள தூரம் கணக்கில் தெரியும். மஞ்சள் பொடியில் குர்குமின் சுமார் 3 விழுக்காடு. அதிலும் மிகக் குறைவாகவே குடல் உறிஞ்சும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் 1998ஆம் ஆண்டு ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபரின் கொடுத்தபோது மனிதர் இரத்தத்தில் சேர்ந்த அளவு 2,000 விழுக்காடு கூடியது. கேப்ஸ்யூல் கம்பெனிகள் பெருமையாக மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். பாலில் ஒரு சிட்டிகை மஞ்சளும் இரண்டு மிளகும் போட்ட வீட்டு அளவு, இந்தச் சோதனை அளவின் பக்கத்தில்கூட வராது.

கைக்குழந்தையும் வசம்பும்

பிள்ளை வளர்ப்பான் என்று பேர் பெற்ற வசம்பு தமிழ் வீட்டிலும் உண்டு, 'வேகண்ட்' என்ற பெயரில் மராட்டி வீட்டிலும் உண்டு. சுட்டுக் கரியாக்கித் தேய்ப்பார்கள். கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காயோடு உரைகல்லில் இழைத்து உரைமருந்தாக நாக்கில் வைப்பார்கள். வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் எலிகளில் புற்று உண்டாக்கியதால், 1968இல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. இந்திய வகைகளில் இந்தப் பொருள் கணிசமாக உண்டு; வட அமெரிக்க வகையில் இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உரைமருந்துக்கும் அது பொருந்தும். வயிற்று உப்புசத்துக்கு வசம்பை வயிற்றின் மேல் பூசுவதும், வளையலாகக் கையில் கட்டுவதும் தொடரலாம். நாக்கில் வைப்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டியதில்லை.

பாதையோரத்துச் செடி

மழை விட்டதும் வாஷியின் காலி மனைகளில் கீழாநெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை எல்லாம் முளைக்கும். அடையாளம் தெரிந்தவருக்கு இது இலவச மருந்துக்கடை. இங்கேயும் இரண்டு கவனம் வேண்டும். ஒன்று மண்: சாலைப் புகையும் கழிவுநீரும் படிந்த இடத்துச் செடியில் ஈயம் முதலான உலோகங்கள் சேரும். இரண்டு உடல்: இலங்கையில் குப்பைமேனி சேர்ந்த கஞ்சி குடித்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் திடீரென்று சிதைந்ததை மருத்துவர்கள் 1996இல் பதிவு செய்தார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் அவர்கள். அந்தக் குறை இந்தியாவிலும் பல சமூகங்களில் உண்டு. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

வாஷி கழிமுகத்து அலையாத்திக் காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்தில் தலமரமாகத் தொழப்படும் அதே இனம். அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சலோடு பார்வையே தற்காலிகமாக மறையும். நாட்டு வைத்தியத்தில் புண்ணுக்குப் பயன்படுத்தியவர்கள் அந்த மரத்தோடு வாழ்ந்த கரையோர மக்கள். எப்படித் தொடுவது என்பது அவர்களுக்குத் தெரியும். செடியை முழுதாகப் பார்த்துப் பழக விரும்பும் நகரவாசிக்குத் தாராவியை ஒட்டிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டிய 37 ஏக்கர் நிலம் 1994இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மருத்துவச் செடிகளும் அங்கே வளர்கின்றன.

சட்டத்தின் பக்கம் நிலைமை பாதி வரைக்கும் வந்திருக்கிறது. உரிமம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருந்துகளின் லேபிளில் சேர்மானமும் அளவும் இருக்க வேண்டும். நச்சுச் சரக்குகளுக்குத் தனி அட்டவணையே உண்டு. கண்வலிக்கிழங்கும் ஊமத்தையும் எட்டியும் அதில் வருகின்றன. கடையில் மடித்துக் கொடுக்கும் உதிரிப் பொட்டலத்தில் இந்த விவரங்கள் எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய ஆயுஷ் அமைச்சகம் 2018இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டமும், செடியின் பெயரும் அளவும் தெரிந்தால்தான் பயன்படும். செம்பூரிலோ வாஷியிலோ டாக்டரைப் பார்க்கப் போகும்போது பொட்டலத்தையோ டப்பாவையோ கையோடு எடுத்துப்போய், எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாளாக என்ற நான்கையும் சொல்வது நல்லது. 2020இல் மும்பையில் காமாலையோடு வந்தவர்களிடம் மருத்துவர்களுக்குத் தேவைப்பட்ட தகவலும் இதுதான்.